செட்டிநாட்டு வீட்டை விற்கக் கொடுத்த தரகர் பதிலே சொல்லவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பூர்வீக வீட்டை விற்க நினைப்பவர்களில் பலர் ஊரில் இல்லை. சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு, சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, போனை நம்பிக் காத்திருப்பவர்கள் அவர்கள். அந்தப் போன் அடிக்காமல் போகும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ள செட்டிநாட்டு ஊர்களுக்குப் பொருந்தும்.

தரகர் போனை எடுப்பதில்லை. எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

உங்களுடையது எதுவெல்லாம் அவர் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெறும் ஜெராக்ஸ் மட்டும்தான் என்றால் ஒரு மாதம் போனாலும் பெரிய நட்டமில்லை. சாவி இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். அசல் பத்திரம், வாங்குபவர் கொடுத்த டோக்கன் பணம், பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு. அந்த மாதங்களில் "பார்ட்டி எதுவும் வரலை" என்று அவர் சொன்னால் நம்பலாம். ஆனால் அதைச் சொல்லவாவது போனை எடுக்க வேண்டும்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று மௌனமாகிறார்?

சோம்பல் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தரகரைத் தேடுவதுதான் பலரும் செய்வது. காரணம் தெரியாமல் ஆளை மாற்றினால் புது ஆளும் மூன்றாம் மாதம் அதே இடத்தில் வந்து நிற்பார்.

இந்தப் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பத்திரத்தை. வாங்க வந்தவர் ஜெராக்ஸை வக்கீலிடம் காட்டியிருப்பார். அந்த வக்கீல், "அத்தைமார், அக்காதங்கை கையெழுத்து எங்கே?" என்று கேட்டிருப்பார். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்தது. 9.9.2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் திருமண நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பாகம் பிரித்திருந்தால் அதை இந்தத் திருத்தம் தொடாது. ஆனால் செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளில் பாகப்பிரிவினை என்பது பெரியவர்கள் உட்கார்ந்து வாய்மொழியாகப் பேசியது, மிஞ்சினால் ஒரு வெள்ளைத்தாள். அதை வைத்து எந்த வக்கீலும் "வாங்கலாம்" என்று எழுதித் தரமாட்டார். தரகருக்கு இதை உங்களிடம் சொல்லச் சங்கடம். சொன்னால் பங்காளிகளிடம் அலையும் வேலையும் தன் தலையில் விழும் என்று பேசாமல் இருந்துவிடுவார்.

அடுத்தது விலை. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இன்ன கோடிக்குப் போனதாகக் கேள்விப்பட்டு நீங்கள் அதையே சொல்லியிருப்பீர்கள். அந்த வீட்டை ஓட்டலாக்க ஒருவர் வாங்கியிருக்கலாம். அங்கே கார் நிறுத்த இடமும் ஒரே பட்டாவும் இருந்திருக்கலாம். விலை படியாது என்று தரகருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் "விலை ஜாஸ்தி" என்று சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவீர்களே என்று "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார்.

மூன்றாவது, ஆள் பொருத்தம். மனை விற்றுப் பழகிய தரகரிடம், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டைக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்த பார்ட்டிகள் எல்லாம் சென்ட் விலைதான் கேட்பார்கள். அவருக்கு அடுத்த அடி தெரியாது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேறு ஆளைப் பாருங்கள், அவ்வளவுதான்.

கெட்ட எண்ணத்தோடு வரும் மௌனமும் உண்டு. வீட்டைப் பிரித்து மரம், தூண், கல், ஓடு என்று விற்பவருக்கு அதை மலிவாக முடித்துக்கொடுக்க ஒரு தரகர் நினைத்தால், அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒரு மழைக்காலம் பூட்டியே கிடந்தால் போதும். ஓடு சரியும், வளவில் (நடு முற்றத்தில்) தண்ணீர் தேங்கும், கறையான் ஏறும், உங்களுக்கும் அலுத்துவிடும். தை மாதம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து பாதி விலை சொல்லுவார். இப்படித்தானா என்று சோதிக்க வழி இருக்கிறது.

ஊருக்கு வராமலே அவர் வேலை செய்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வேலை, மூன்றே விவரம் கேட்டு வாட்ஸப்பில் எழுதுங்கள்: பார்த்தவர் பெயர், பார்த்த தேதி, அவர் சொன்ன விலை. சண்டை தொனி வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"அண்ணே வணக்கம். நம்ம வீட்டு விஷயமா போன மாசத்திலேருந்து உங்ககிட்ட தகவல் இல்லை. இதுவரைக்கும் வீட்டைப் பார்த்தவங்க பேரு, பார்த்த தேதி, கேட்ட விலை மூணையும் வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புங்க. யாரும் வரலேன்னா அதையும் சொல்லிடுங்க. வக்கீல் யாராவது பத்திரத்துல கேள்வி கேட்டிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்கண்ணே."

வேலை செய்கிறவர் ஐந்து நிமிடத்தில் பதில் போடுவார். "நேர்ல பேசிக்கலாம்" என்று வந்தால் பட்டியல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அவருக்குத் தெரியாத ஒருவரைவிட்டு, வாங்குபவர் போல விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டைக் காட்ட முன்வருகிறாரா? என்ன விலை சொல்கிறார்? "வீட்டுக்காரர் அவசரத்துல இருக்கார், குறைச்சுப் பேசலாம்" என்கிறாரா? நீங்கள் சொன்ன விலைக்கும் அவர் வெளியே சொல்லும் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், வீடு விற்காததற்குக் காரணம் அந்த இடைவெளிதான். "அது வித்துப்போச்சு" என்று சொன்னால் அன்றைக்கே அவரை விலக்கிவிடலாம்.

மூன்றாவது, எதிர்வீடு. வாசல் திறந்ததா, யார் வந்தார்கள், கார் வந்ததா, டெம்போ வந்ததா என்பதெல்லாம் எதிர்வீட்டு ஆச்சிக்குத் தெரியாமல் நடக்காது. டெம்போ வந்தது என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை, வாய்ப்பேச்சுதான். அவரை விலக்க முடியுமா?

முடியும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி தரகர் உங்கள் முகவர். அவர் வேலையை முடிக்காத நிலையில் நீங்கள் கொடுத்த அதிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் (பிரிவு 203). ஆனால் அந்த விலக்கல் அவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். மூன்றாம் ஆட்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் (பிரிவு 208). மனதுக்குள் விலக்கிவிட்டு வேறு ஆளிடம் கொடுப்பது செல்லாது. பழைய தரகர் அதற்குள் யாரிடமாவது உங்கள் சார்பில் முன்பணம் வாங்கிவிட்டால், "அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று நம்பும்படி நடந்துகொண்டது நீங்கள்தான்" என்று அந்த ஆள் உங்கள் மேல் வருவார். அதனால் எழுத்து அவசியம்.

எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, ஆறு மாதம் அவர் மட்டும்தான் விற்கலாம் என்று போட்டிருக்கிறது. அப்போது?

கெடு முடியும் முன் தகுந்த காரணம் இல்லாமல் விலக்கினால் அவர் இழப்பீடு கேட்கலாம் (பிரிவு 205). தகுந்த காரணம் இருந்தால் முடியாது. எழுதிக் கேட்டும் பதில் தராதது, ஒருவரைக்கூட அழைத்து வராதது, தப்பான விலை சொன்னது எல்லாம் காரணங்கள். அதற்கு ஆதாரம் சேர்ப்பதுதான் உங்கள் வேலை: மேலே சொன்ன வாட்ஸப், ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் அடுத்த வாரம் விலக்கல் கடிதம். போனில் பேசிய பேச்சு கணக்கில் வராது. பேசினாலும் உடனே "இப்போது பேசியது இது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். கெடு முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் மல்லுக்கு நிற்காமல் இருந்துவிடுவதே மேல்.

விலக்கல் கடிதத்தில் என்ன எழுதுவது?

நீளம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்.

"எங்களுக்குச் சொந்தமான இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன கதவு எண் உள்ள வீட்டை விற்றுத்தரத் தங்களுக்கு வாய்மொழியாக அளித்திருந்த அனுமதியை இன்று முதல் திரும்பப் பெறுகிறோம். இனி எங்கள் சார்பில் விலை பேசவோ, முன்பணம் பெறவோ, வீட்டைத் திறந்து காட்டவோ தங்களுக்கு அதிகாரம் இல்லை. தங்களிடம் உள்ள முன்வாசல், பின்வாசல் சாவிகளையும் ஆவண நகல்களையும் இன்ன தேதிக்குள் இன்னாரிடம் ஒப்படைக்கவும். இதுவரை வீட்டைப் பார்த்தவர்களின் பெயர்ப்பட்டியலை அதே தேதிக்குள் எழுத்தில் தரவும். பட்டியலில் உள்ளவர் எவரேனும் 90 நாட்களுக்குள் கிரயம் செய்தால், பேசியபடி தரகுத்தொகை தரப்படும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தயார் என்று நீங்களே எழுதிவிட்டால் சண்டைக்குப் பாதிக் காரணம் போய்விடும். பட்டியலும் சீக்கிரம் கைக்கு வரும்.

வாட்ஸப்பில் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால் விரைவு அஞ்சலில் பதிவு வசதியும் சேர்ப்புச் சான்றும் கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சொத்தில் பங்கு உள்ளவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவது நல்லது. ஒருவர் மட்டும் எழுதினால் "பெரியவர் என்னைத் தொடரச் சொன்னார்" என்று அடுத்த பங்காளியைக் காட்டுவார்.

சாவி அவரிடம் இருக்கிறது. தரமாட்டேன் என்கிறார்.

சாவிக்காகக் கெஞ்ச வேண்டாம். உங்கள் வீடு, பூட்டை மாற்ற யார் அனுமதியும் வேண்டியதில்லை. மாற்றும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

முன்வாசல் பூட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீட்டில் பின்கட்டு அடுத்த தெருவில் திறக்கும். பக்கவாட்டில் கிணற்றடிக் கதவும் இருக்கலாம். எல்லா வாசலுக்கும் ஒரே நாளில், எதிர்வீட்டார் ஒருவரையும் இன்னொரு சாட்சியையும் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். நிலைக்கதவின் பழைய பெரிய பூட்டை உடைக்காதீர்கள். அந்தப் பூட்டுக்கும் இரும்புச் சாவிக்குமே வாங்க ஆள் உண்டு, கதவும் பிளக்கும். வெளியில் கொண்டிபோட்டுப் புதுப்பூட்டு மாட்டினால் போதும்.

பூட்டும் முன் வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் இடையில் எதுவும் விட்டுப்போகும். திண்ணைத் தூண்களில் ஆரம்பித்து நிலைக்கதவின் செதுக்கல், பித்தளைக் குமிழ்கள், பட்டாசாலையின் வண்ணக் கண்ணாடிகள், வளவின் தூண்கள், அறைக் கதவுகள், சாமி அறை, பெட்டகம், பித்தளை அண்டாக்கள், சுவரில் மாட்டிய படங்கள் என்று வரிசையாகப் போங்கள். தூணை மேலிருந்து கீழ்வரை காட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பெயர்த்து எடுத்த இடம் இருந்தால் தெரியும், சுற்றிலும் புதுச் சிமெண்ட் இருக்கும். படம் இருந்த சுவரில் வெளிறிய சதுரம் நிற்கும். கதவில் திருகாணித் துளை மட்டும் இருந்து குமிழ் இல்லை என்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காணாமல் போனதைப் படத்தோடு போய் விசாரிக்க அங்கிருந்து தொடங்கலாம். கடைக்காரர் கள்ளப்பொருள் வாங்கினார் என்று வாயை விட்டுவிடாதீர்கள், விசாரிப்பது மட்டும் போதும்.

பொருள் போயிருப்பது உறுதியானால் எழுத்தில் புகார் கொடுங்கள். நம்பி ஒப்படைத்ததைத் தனதாக்கிக்கொள்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வரும். பழைய படமும் புதிய வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புகார் நிற்கும். பழைய படம் இல்லையா? அந்த வீட்டில் நடந்த கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். வளவில் நின்று எடுத்த படங்களில் தூணும் கதவும் பின்னணியில் இருக்கும்.

அசல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டோம்.

உடனே கேளுங்கள். வாங்குபவருக்கும் அவர் வக்கீலுக்கும் நகல் போதும். அசலை நீங்களே கொண்டுபோய்க் காட்டி நீங்களே திரும்ப எடுத்துவர வேண்டும். எழுதிக் கேட்டும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் காவல் நிலையப் புகார். "தொலைந்துவிட்டது" என்று அவர் சொன்னால் அதை எழுதி வாங்குங்கள். பிறகு காவல்துறையிடம் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று நீளமான வேலை. அத்தனையும் முடிந்தாலும் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். இடையில் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துக்கொண்டே இருங்கள். அசல் வெளியே இருக்கும்வரை அந்தப் பழக்கம் தேவை.

அவர் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டைக் காட்டுவதற்குப் பவர் தேவையே இல்லை. "வெளிநாட்டுல இருக்கீங்க, எதுக்கு அலையணும்" என்று கேட்டிருப்பார், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். இப்போது ரத்து ஆவணம் எழுதி, பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதற்குத் தரகர் வந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பதிவான ரத்து நகலை அவருக்கு அனுப்புங்கள், அவர் அழைத்து வந்த பார்ட்டிகள் தெரிந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பவரில் "பணம் பெற்றுக்கொண்டு" என்று எழுதியிருந்தால், அல்லது அவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருப்பதுபோல் வாசகம் இருந்தால் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 202), தன்னிச்சையாக ரத்து செய்வது கடினம். வக்கீலிடம் காட்டாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

அடுத்த முறை பவர் கொடுப்பதானால் குடும்பத்து ஆளுக்குக் கொடுங்கள். 2023 ஜூலை முதல் குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்பனைப் பவர் கொடுத்தால் பதிவுக் கட்டணமே சொத்து மதிப்பில் 1 விழுக்காடு ஆகிவிட்டது. கட்டணத்தைப் பார்த்தாலும் அதுதான் சரி. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்களுக்குத் தெரியாமல் டோக்கன் வாங்கிவிட்டதாகக் கேள்விப்படுகிறோம்.

பணம் கொடுத்தவரை நேரில் பிடித்துப் பேசுங்கள், தரகர் மூலம் வேண்டாம். எவ்வளவு, எந்தத் தேதி, ரசீதில் யார் கையெழுத்து என்று கேட்டு நகல் வாங்குங்கள். வீடு விற்பனைக்கு ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தண்டம் வாங்கியவர் தலையில் விழும். அந்தப் பணம் உங்களுக்கு வரவில்லை என்று பணம் கொடுத்தவருக்கும் தரகருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள் கொள்ள இடம் வரும். வாங்குபவர் நல்லவராக, விலையும் ஒத்துவந்தால், அவரோடு நேரடியாக விற்பனை அக்ரிமென்ட் போடலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு போவது வம்பு.

"உங்களுக்கு இவ்வளவு வந்தா போதும்ல, மேல வர்றது எனக்கு" என்றார், சரி என்றோம். அது தப்பா?

மௌனத்துக்கு விதை போட்டதே அந்தப் பேச்சாக இருக்கலாம். மேலே வருவது அவருக்கு என்றால், நீங்கள் சொன்ன விலைக்கு ஒருவர் வந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டார். அதற்கும் மேல் தருபவர் வரும்வரை வந்தவரை ஊறப்போடுவார். வாங்குபவரை உங்களோடு பேசவும் விடமாட்டார், விலை வெளிப்பட்டுவிடுமே. இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு விழுக்காட்டுக்கு வாருங்கள். வழக்கத்தில் 1 முதல் 2 விழுக்காடு. தரகர் தானே பினாமியாக வாங்குவது பிறகு தெரியவந்தால், முக்கிய விவரத்தை மறைத்தார் என்றோ உங்களுக்கு நட்டம் என்றோ காட்டி அந்த விற்பனையை மறுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 215-ஆம் பிரிவில் இடம் உண்டு.

அவர் சொல்லும் விலை சரியா என்று நாங்களே எப்படிப் பார்ப்பது?

நிலத்தையும் மரத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். நிலத்துக்குப் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒரு தொடக்கப்புள்ளி, சந்தை விலை அதற்கு மேலும் கீழும் போகும். சமீபத்தில் அதே தெருவில் பதிவான கிரயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

மரத்துக்கு ஒரு தச்சரைக் கூட்டிப்போய் அளக்கச் சொல்லுங்கள். உருண்டைத் தூணுக்குச் சுற்றளவில் கால்வாசியை எடுத்து, அதையே அதால் பெருக்கி, உயரத்தால் பெருக்குவது மரக்கடைக் கணக்கு. சுற்றளவு 3 அடி, உயரம் 9 அடி என்றால் 0.75 × 0.75 × 9, அதாவது 5 கன அடி சொச்சம். உண்மையான கனஅளவு கிட்டத்தட்ட 6.4 கன அடி. இந்தக் கணக்கு வாங்குபவருக்குச் சாதகமானது என்பது தெரிந்திருக்கட்டும். செவ்வக உத்திரம் நேர்க்கணக்கு: 8 அங்குலம், 6 அங்குலம், 12 அடி நீளம் என்றால் 4 கன அடி. எல்லாத் தூண், உத்திரம், கதவு, நிலை சேர்த்து ஒரு தாளில் எழுதி, பழைய பர்மா தேக்குக்கு அன்றைக்கு என்ன விலை போகிறது என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். மனை விலை மட்டும் பேசும் தரகரிடம் அந்தத் தாளை நீட்டினால் பேச்சு மாறும்.

ஒரு பங்காளி வேறு தரகரிடம் கொடுத்திருக்கிறார். அதனால் நம் தரகர் ஒதுங்கிவிட்டாரா?

பெரும்பாலும் ஆம். ஒரே வீட்டுக்கு இரண்டு விலை வெளியே உலாவினால் வாங்குபவர் குறைந்ததைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு தரகர்களும் கமிஷன் யாருக்கு என்று தெரியாமல் கையை மடக்கிக்கொள்வார்கள். வளவைச் சுற்றி அறைகள் மகன்வாரியாகப் பிரிந்திருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். "என் பங்கை மட்டும் விற்கிறேன்" என்று ஒருவர் கிளம்பினால், பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் வெளியாள் பங்கை வாங்கலாமே தவிர உள்ளே வந்து கூடிக் குடியிருக்க உரிமை கோர முடியாது (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44). வாங்குபவருக்கும் இது தெரியும், அதனால் பங்குக்கு விலை பாதாளத்தில் இருக்கும். எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்டு ஒரே ஒருவரைப் பேச நியமித்து, அவர் பெயரையும் ஒரே விலையையும் எல்லாத் தரகர்களுக்கும் எழுதி அனுப்புவதே வழி. கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வரும் சமயம் அந்தக் கையெழுத்துக்கு வசதி.

ஊரில் ஆச்சி மட்டும் இருக்கிறார். தரகர் அவரிடமே பேசிக்கொள்கிறார், எங்களுக்குப் பதில் இல்லை.

ஆச்சியைத் திட்டாதீர்கள், அவருக்குத் துணையாக நில்லுங்கள். அவர் பங்கு இருக்கும் வீடு என்றால் முடிவும் அவருடையதே. எந்தத் தாளானாலும் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "பிள்ளைக வந்ததும் போட்டுத் தர்றேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். ரேகை வைக்கும் தாளுக்கு இரட்டிப்புக் கவனம்.

விலக்கிய பிறகு அவர் காட்டிய ஆளே வந்து வாங்கினால் கமிஷன் கொடுக்க வேண்டுமா?

வேறு பேச்சு இல்லாதபோது வேலை முடிந்த பிறகுதான் கூலி (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 219). ஆனால் அந்த ஆளைக் கொண்டுவந்தது அவர்தான் என்று நிரூபணமானால், கமிஷனை மிச்சம் பிடிக்கத்தான் விலக்கினீர்கள் என்று அவர் வழக்குப் போடலாம். பட்டியலும் 90 நாளும் கடிதத்தில் இருந்தால் இந்தத் தகராறு வராது. அவர் பட்டியலே தராமல் பிறகு வந்து உரிமை கொண்டாடினால், கேட்டும் தரவில்லை என்று உங்கள் கடிதம் பேசும்.

ரெராவில் புகார் செய்யலாமா?

ரெரா என்பது மனை, கட்டடத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம். பூர்வீக வீட்டு விற்பனைக்கு அது உதவாது. அதற்கான 2016 சட்டத்தின் 9-ஆம் பிரிவில் முகவர் பதிவு கட்டாயம் என்பது, ரெராவில் பதிவான திட்டங்களில் உள்ள மனை, வீடுகளை விற்றுத்தருபவருக்குத்தான். தரகர் ரெரா எண் வைத்திருந்தால் நல்ல அடையாளம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நுகர்வோர் ஆணையம் பொருந்தும். பணம் கொடுத்தோ, தருவதாகப் பேசியோ பெற்ற சேவையில் குறை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். அதனால் சென்னையில் இருப்பவர் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதியலாம். முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர் மேல் இது நன்றாக வேலை செய்யும். ஒரு பைசாவும் வாங்காமல் வெறுமனே பேசாமல் இருப்பவர் மேல் வழக்குப் போட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி 18 விழுக்காடு சேர்த்துக் கேட்கிறார்.

ஜிஎஸ்டி எண்ணோடு பில் தந்தால் கொடுங்கள். எண் இல்லை என்றால் இல்லை.

அடுத்த தரகரிடம் முதல் நாளே என்ன பேசிக்கொள்வது?

ஒரு பக்கத் தாள் போதும். கெடு 90 நாள். கமிஷன் இத்தனை விழுக்காடு, பதிவு அன்று, வங்கி வழியாக. வெளியே சொல்ல வேண்டிய விலை இது, மாற்ற வேண்டுமானால் எழுத்தில். யார் வந்தாலும் அன்று மாலைக்குள் பெயரும் தேதியும் வாட்ஸப்பில். முன்பணம் வாங்க அதிகாரம் இல்லை. துணைத் தரகர் வைத்தால் அவர் பெயர் தெரிய வேண்டும், கமிஷனை அவர்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். சாவி அவரிடம் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும், அவர் வந்து திறந்து, உடன் நின்று, பூட்டட்டும். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தால் வீட்டைப் பெருக்கி, ஜன்னல் திறந்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றி, வளவுத் தண்ணீர் வெளியேறும் துளையில் அடைப்பு எடுத்துவைப்பார். பூட்டிக் கிடந்த நாற்றம் இல்லாத வீட்டுக்குப் பேரத்தில் தனி மரியாதை.

பத்திர வேலையைத் தரகரிடம் கொடுக்கும் முன்பே முடியுங்கள்: மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சி, வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஒரு வக்கீலின் எழுத்துக் கருத்து. அந்தக் கோப்பு தயாராக இருக்கும் வீட்டைத் தரகர்கள் கிடப்பில் போடுவது அரிது.

வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் வேறென்ன கவனிக்க வேண்டும்?

வரிப் பிடித்தம். இந்தியாவில் வசிப்பவர் விற்றால், விலை ரூ.50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் 1 விழுக்காடு பிடிப்பார். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிடித்தம் பல மடங்கு, விலைக்குக் கீழ்வரம்பும் இல்லை. குறைந்த பிடித்தச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதை அக்ரிமென்ட் போடும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். பல தரகர்களுக்கு இது தெரியாது. பதிவு நாளில் வாங்குபவரின் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டால் அன்றைக்குப் பதிவு நடக்காது.